பனிக்கோளில் பனி எங்கே? யுரேனஸ் பற்றி டர்பனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஏழாம் கிரேடு படிக்கும் மகளுக்கு யுரேனஸ் ஒரு ‘ஐஸ் ஜயண்ட்’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் ஆரம்பித்துவிட்டாளாம்: “அப்படின்னா அது பெரிய ஐஸ் கட்டியா? மேலே நடக்கலாமா? நெப்டியூன்தானே கடைசி, பிறகு ஏன் யுரேனஸ்தான் அதிகக் குளிர்? நம்ம கோயில் நவக்கிரகத்தில் ஏன் இல்லை? இங்கே இருந்து தெரியுமா?”

நல்ல கேள்விகள். ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவையும்கூட. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். யுரேனஸ் ஐஸ் கட்டி இல்லை. கோள்களை ஆராய்கிறவர்கள் ஒரு கோள் எதனால் ஆனது என்று பார்க்கும்போது பொருள்களை மூன்று மூட்டைகளாகக் கட்டிக்கொள்கிறார்கள். ஹைட்ரஜனும் ஹீலியமும் ‘வாயு’. இரும்பு, சிலிக்கேட் போன்றவை ‘பாறை’. தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் மூன்றும் ‘பனி’. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சூரியனிலிருந்து வெகுதூரத்தில், இந்த மூன்றும் உறைந்து கிடந்தன. அதனால் வந்த பெயர். இன்றைக்கு எந்த நிலையில் இருந்தாலும் பெயர் ‘பனி’தான். அடுப்பில் உருகிக் கொதிக்கிற நெய்யை இன்னும் வெண்ணெய் என்றே கூப்பிடுவது மாதிரி.

வியாழனும் சனியும் பெரும்பாலும் வாயு. யுரேனஸ், நெப்டியூன் இரண்டிலும் வாயு மேலே போர்த்திய போர்வை மட்டும்தான். எடையில் பெரும்பங்கு இந்தப் ‘பனி’யும் பாறையும். 1990கள் வரை நான்கையும் சேர்த்து வாயுக் கோள்கள் என்றே எழுதினார்கள். நான் படித்த பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். பிறகுதான் இந்த இரண்டையும் தனியாகப் பிரித்து பனிப் பெருங்கோள்கள் என்றார்கள். பிரித்தது சரி. வைத்த பெயர்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, மேலே நடக்கலாமா? நடக்கத் தரையே கிடையாது. மேலிருந்து இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹைட்ரஜன், ஹீலியம், நூற்றில் இரண்டு பங்கு அளவில் மீத்தேன். அந்த மீத்தேன் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால்தான் கோள் வெளிறிய நீலப்பச்சையாகத் தெரிகிறது. அடுத்து மேகம். மேல் மேகங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை 2018இல் ஹவாயிலுள்ள ஜெமினி தொலைநோக்கி உறுதிசெய்தது. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு. (உங்கள் மகளுக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது.) இன்னும் இறங்கினால் வாயு அடர்ந்துகொண்டே போகும், சூடு ஏறிக்கொண்டே போகும். இதுவரை காற்று, இதற்குமேல் திரவம் என்று கோடு கிழிக்க முடியாது. ஆழத்தில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல லட்சக்கணக்கான மடங்கு.

ஆக, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருகிற எங்கள் டர்பன் பன்னி சாவ்தான் பொருத்தமான உதாரணம். வெளியே ஆறிப்போன ரொட்டி, உள்ளே சுடச்சுடக் குழம்பு. ஒரே வித்தியாசம், இங்கே ரொட்டியும் குழம்பும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது.

அந்தக் குழம்புக்குள் தண்ணீர் படும் பாடு விசித்திரமானது. அவ்வளவு அழுத்தத்தில் ஆக்சிஜன் அணுக்கள் படிகம்போல் வரிசையாக நின்றுவிட, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அவற்றுக்கு நடுவே திரவம்போல் ஓடுகின்றன. பாதி திடம், பாதி திரவம். 2018இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் சக்திவாய்ந்த லேசரை வைத்து இந்த நிலைக்கு ஆதாரம் காட்டியது. ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் ‘ஐஸ்’! ஐஸ் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்கு ஏதாவது இருக்கிறதென்றால் இது ஒன்றுதான்.

மீத்தேனில் உள்ள கார்பனுக்கு இன்னொரு கதை. அழுத்தம் அதைப் பிரித்து நெருக்கி வைரமாக்கி, வைரம் மழைபோல் உள்நோக்கி விழக்கூடும் என்கிறார்கள். 2017இல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லேசரால் அடித்து, நுண்ணிய வைரங்கள் உருவாவதைப் பார்த்தார்கள். 2022இல் பெட் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கிலேயே செய்து காட்டினார்கள். யுரேனஸுக்குள் போய்ப் பார்த்தவர் யாருமில்லை, இது ஆய்வகச் சான்றுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு இதைக் கற்பனை செய்வது சுலபம். கிம்பர்லி வைரங்களும் பூமிக்கடியில் 150 கி.மீ.க்கும் கீழே இதே அழுத்தம், சூடு என்ற வேலையில் விளைந்தவைதான். அங்கே எரிமலைக் குழாய் வழியாக மேலே வந்து சேர்ந்தன. யுரேனஸில் மேலே வர வழியில்லை, கீழேதான் போக வேண்டும்.

இனி குளிர். யுரேனஸ் சூரியனிலிருந்து சுமார் 287 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சூரிய ஒளி போய்ச் சேர 2 மணி 40 நிமிடம். நெப்டியூன் இன்னும் 160 கோடி கி.மீ. அப்பால். இருந்தும் கோள்களின் வளிமண்டலங்களில் அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை யுரேனஸில்தான்: மைனஸ் 224 டிகிரி செல்சியஸ். காரணம், நெப்டியூன் வெயிலை நம்பி வாழவில்லை. சூரியனிடமிருந்து வாங்குவதைப்போல 2.6 மடங்கு வெப்பத்தை அது வெளியே விடுகிறது. பிறந்தபோது சேர்த்துவைத்த சூடு. யுரேனஸ் அப்படி எதையும் வெளியே விடுவதாக வாயேஜர் விண்கலத்தின் அளவீடுகளில் தெரியவே இல்லை. 2025இல் பழைய தரவுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்ட ஆய்வுகள், வாங்குவதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் அதிகமாக விடுகிறது என்கின்றன. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கஞ்சத்தனமாக.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஆதியில் ஏதோ பெரிய மோதலில் சூடெல்லாம் கொட்டிப்போயிற்று என்பது ஒரு கட்சி. உள்ளே ஓர் அடுக்கு மூடிபோல உட்கார்ந்து சூட்டை அடைத்து வைத்திருக்கிறது என்பது இன்னொரு கட்சி. எனக்கு மூடிக் கட்சிதான் நம்பும்படி இருக்கிறது. மோதல் கட்சியையும் ஒதுக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கோள் கிடக்கிற கிடப்பு அப்படி.

பூமி 23.4 பாகை சாய்ந்து பம்பரம்போல் சுற்றுகிறது. யுரேனஸின் சாய்வு 97.8 பாகை. அதாவது படுத்துவிட்டது. கோயிலில் அங்கப்பிரதட்சணம் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் உருண்டபடி சூரியனைச் சுற்றி வருகிறது, ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு. ஆனால் பக்தர் பிரகாரத்தின் மூலை வந்ததும் திரும்பிக்கொள்வார், யுரேனஸ் திரும்பாது. தலையும் காலும் எப்போதும் விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கும். அதனால் பிரகாரத்தின் ஒரு பக்கத்தில் தலை சன்னதியைப் பார்க்கும், எதிர்ப்பக்கத்தில் கால் சன்னதியைப் பார்க்கும். நடுவில் உள்ள இரண்டு பக்கங்களில்தான் ஒழுங்காக உருளுவது போலிருக்கும். விளைவு, துருவத்தில் 42 ஆண்டு தொடர்ந்து பகல், 42 ஆண்டு தொடர்ந்து இரவு. தென் துருவம் சூரியனைப் பார்த்திருந்தது 1986 வாக்கில். சரிசமமாக ஒளி விழுந்தது 2007இல். வட துருவத்தின் முறை 2030 வாக்கில். சாய்த்தது பூமி அளவோ அதைவிடப் பெரிதோ ஆன ஒன்றின் மோதல் என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம்.

காந்தப்புலமும் இதே ரகம். டர்பனில் திசைகாட்டியை வைத்தால் முள் உண்மையான வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேலாக மேற்கே விலகி நிற்கும். நாம் அதையே பெரிதாகப் பேசுகிறோம். யுரேனஸில் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து 59 பாகை விலகியிருக்கிறது. போதாததற்கு கோளின் மையத்தின் வழியாகவும் போகவில்லை, ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போகிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரே ஒரு விருந்தாளி ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்ததால். வாயேஜர் 2, 1986 ஜனவரி 24 அன்று மேகங்களுக்கு மேலே 81,500 கி.மீ. தூரத்தில் கடந்து போனது. நிற்கவில்லை, நெப்டியூனை நோக்கிப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். உலகம் அந்தத் துயரத்தைத்தான் பார்த்தது. யுரேனஸ் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

அந்த ஒரு பார்வையை எவ்வளவு நம்பலாம்? 2024இல் வாயேஜர் தரவுகளை மறுபடி புரட்டியபோது, அது வந்து சேர்வதற்குச் சற்று முன்புதான் ஒரு பலமான சூரியக் காற்று யுரேனஸின் காந்த மண்டலத்தை நசுக்கியிருந்தது என்று தெரியவந்தது. அதாவது, காய்ச்சலில் கிடந்தவரைப் போட்டோ எடுத்து நாற்பது வருடமாக ‘அவர் முகமே அப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். நிலவுகளிலும் தெற்குப் பாதிதான் வெளிச்சத்தில் இருந்தது. 470 கி.மீ. குறுக்களவே உள்ள மிராண்டாவில் ஏறத்தாழ 20 கி.மீ. உயரச் செங்குத்துப் பாறை இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதன் வடபாதி எப்படி இருக்கும் என்பதை எந்தக் கேமராவும் இன்னும் படம் பிடிக்கவில்லை. சுற்றிவந்து பார்க்க ஒரு விண்கலம் வேண்டும் என்று 2022இல் அமெரிக்கக் கோள் அறிவியலாளர்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை முதலிடம் கொடுத்துப் பரிந்துரைத்தது. பரிந்துரைத்தால் ராக்கெட் கிளம்பிவிடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

நிலவுகள் என்றதும் எண்ணிக்கை கேட்பாள்: 29. கடைசியாக ஒன்றை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்ததாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். மேலே போகலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் வாணியம்பாடிக்காரன். டர்பனுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே ஒரு வானாய்வகம் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, சனிக்கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டு, ‘இது நிஜமா, லென்ஸில் ஒட்டிய படமா’ என்று சந்தேகப்பட்டவன் நான். அதே காவலூருக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும் ஒரே இரவில் யுரேனஸ் ஒரு முடிச்சுப் போட்டது.

1977 மார்ச் 10. துலாம் ராசிப் பக்கம் இருந்த ஒரு மங்கிய நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப் போகிறது என்று கணக்குச் சொன்னது. நட்சத்திர ஒளி கோளின் விளிம்பில் எப்படி மங்குகிறது என்று அளந்தால் அதன் வளிமண்டலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். யாருடைய நோக்கமும் அதற்குமேல் இல்லை. மறைப்பு தெரியும் பகுதி இந்தியப் பெருங்கடலைச் சுற்றி. ஆகவே கேப் டவுன், ஆஸ்திரேலியாவின் பெர்த், தமிழ்நாட்டின் காவலூர் என்று கடலைச் சுற்றிலும் தொலைநோக்கிகள் தயாராக இருந்தன. கடலுக்கு மேலேயே ஒன்று: 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய கைப்பர் என்ற நாசா விமானம், வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழுவோடு பெர்த்திலிருந்து கிளம்பித் தெற்கே பறந்துகொண்டிருந்தது.

மறைப்பு எப்போது தொடங்கும் என்பதில் சில நிமிடச் சந்தேகம் இருந்ததால், எலியட் குழு முக்கால் மணி நேரம் முன்னாடியே பதிவை ஓடவிட்டது. அந்த எச்சரிக்கைதான் எல்லாவற்றையும் மாற்றியது. கோள் இன்னும் நட்சத்திரத்தை நெருங்கவே இல்லை, அதற்குள் ஒளி சட்டென்று விழுந்து மறுபடி எழுந்தது. கருவிக் கோளாறா, மேகமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஐந்து. கோள் மறைத்து விலகிய பிறகு, மறுபக்கத்திலும் அதே இடைவெளிகளில் சரிவுகள். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்துப்போனால் அது வளையமாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கு மட்டுமே வளையம் என்று முந்நூறு வருடத்துக்கும் மேலாக நினைத்திருந்தது அன்றோடு முடிந்தது. கேப் டவுன் பதிவிலும் அந்தச் சரிவுகள் இருந்தன.

காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒளி குறைந்ததைப் பதிவுசெய்தார்கள். நட்சத்திரத்தை மறைத்தது யுரேனஸின் ஒரு புதிய நிலவு என்று எடுத்துக்கொண்டு, ‘நேச்சர்’ இதழில் அதே ஆண்டு அப்படியே எழுதினார்கள். பிறகுதான் அது வளையம் என்று தெளிவானது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளின் இரண்டு பக்கச் சரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது வளையம் என்று தோன்ற முடியும். ஒரு பக்கம் மட்டும் கையில் இருந்தால் நானும் நீங்களும் ‘நிலவு’ என்றுதான் சொல்லியிருப்போம்.

அந்த வளையங்கள் சனியினுடையவை மாதிரி பளபளப்பானவை இல்லை. இன்றைய கணக்கில் 13. பெரும்பாலானவற்றின் அகலம் பத்து கி.மீ.கூட இல்லை, நிறம் அடுப்புக்கரி. நேரே பார்த்தால் தெரியாது, ஒளியை மறைத்தால்தான் தெரியும்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் கோளோடு இன்னொரு பழைய உறவும் உண்டு. யுரேனஸைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரத்து இசைக்கலைஞர். 1781 மார்ச் 13 அன்று, தானே செய்த தொலைநோக்கியில் பார்த்து, முதலில் வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். அவருடைய மகன் ஜான் ஹெர்ஷல் 1834இல் தொலைநோக்கியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கேப் டவுன் வந்து, கிளேர்மாண்டில் நான்கு வருடம் குடியிருந்து தென்வானத்தைப் பதிவுசெய்தார். தொலைநோக்கி நின்ற இடத்தில் இன்று ஒரு பள்ளி வளாகம், நடுவே ஒரு கல்தூண். டைட்டானியா, ஓபரான், ஏரியல், அம்ப்ரியல் என்று நிலவுகளுக்குப் பெயர் சூட்டியதும் இந்த மகன்தான். கோளுக்கு மன்னர் ஜார்ஜின் பெயரை வைக்க அப்பா ஆசைப்பட்டார், மற்ற நாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘யுரேனஸ்’ என்றவர் ஜெர்மனியின் போடே. அந்தப் பெயரைக் கொண்டுதான் 1789இல் வேதியியலாளர் கிளாப்ராத் ஒரு புதுத் தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயரிட்டார். கோபெர்க் அணுமின் நிலையத்தில் எரிவது அதுதான்.

நவக்கிரகத்தில் ஏன் இல்லை? நம் முன்னோர் கண்ணால் பார்த்து, நகர்வதைக் கவனித்து, கணக்குப் போட்டவர்கள். ராகு, கேது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிரகணக் கணக்குக்குத் தேவைப்பட்டன. யுரேனஸ் நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே மிக மங்கலாகத் தெரியும். ஆனால் வருடத்துக்கு நாலு பாகைதான் நகரும். ஆயிரக்கணக்கான மங்கிய புள்ளிகளில் ஒன்று மட்டும் எறும்பாக ஊர்வதை யார் கவனிப்பார்கள்? நம்மவர் மட்டுமல்ல, 1690இல் இங்கிலாந்தின் ஃபிளாம்ஸ்டீட் தொலைநோக்கியிலேயே பார்த்துவிட்டு, ‘ரிஷபத்தின் 34ஆம் நட்சத்திரம்’ என்று பட்டியலில் எழுதிவைத்துவிட்டார். கோயிலில் பத்தாவதாக ஒரு சிலை வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பழைய கணக்கு அதன் அளவில் முழுமையானது.

84 ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று உங்கள் மகளுக்குப் புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையிலிருந்து நம் மக்களை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. அன்று யுரேனஸ் வானில் இருந்த இடத்துக்கு மறுபடி வந்தது 1944 கடைசியில். அடுத்து வரப்போவது 2028 கடைசியில். கரும்புத் தோட்டத்தில் தொடங்கி இந்த நாட்டில் நம் ஆட்களின் மொத்தச் சரித்திரமும் யுரேனஸுக்கு இரண்டே வருடம், அதுவும் இன்னும் முடியவில்லை.

கடைசிக் கேள்வி, இங்கிருந்து தெரியுமா. தெரியும். 2026இன் கடைசியில் யுரேனஸ் ரிஷபத்தில், கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. ஃபிளாம்ஸ்டீட் பார்த்ததற்கு நாலு முழுச் சுற்றுக் கழித்து ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்திருக்கிறது. நவம்பர் கடைசியில் நள்ளிரவு வாக்கிலும், ஜனவரி நடுவில் எட்டு, எட்டரை மணிக்கும் வடக்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்தில் வரும். நம் ஊரில் தெரிகிற வானத்தை இங்கே தலைகீழாகப் பார்க்கிறோம் என்பதை மறக்காதீர்கள். தமிழ்நாட்டுப் படத்தைக் கையில் வைத்துத் தேடினால் எதிர்ப்பக்கம்தான் தேடுவீர்கள்.

சாட்ஸ்வொர்த் தெருவிளக்கில் வெறும் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம். சாதாரணப் பைனாகுலர் போதும், ஒரு புள்ளியாகத் தெரியும். சின்ன வட்டமாகத் தெரிய நூறு மடங்கு பெருக்கம் உள்ள தொலைநோக்கி வேண்டும். டர்பனின் கோடை மேகத்தை நம்ப முடியாது, டிரேக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போனால் வானம் இருட்டாக இருக்கும், ஆனால் மாலையில் இடிமழை வரும். கிடைக்கிற தெளிந்த இரவை விடாதீர்கள். திருக்கார்த்திகை அன்று மட்டும் வேண்டாம். முழுநிலவு கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் அடித்துவிடும். தீபத்தை ஏற்றிவிட்டு, பத்து நாள் கழித்துப் பாருங்கள்.

மகளைப் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விட்டு அதே இடத்தை மறுபடி வரையட்டும். டிசம்பரில் என்றால் ஒரு புள்ளி மட்டும் நிலாவின் அகலம் அளவுக்குத் தள்ளியிருக்கும்.